நானூறு நோட்டீஸ், ஒரு புக்கிங்கூட இல்லை

கேள்வி: நானும் என் கணவரும் மூன்று வருடமாகச் சிறிய அளவில் டூர் நடத்துகிறோம். ஒரு குரூப்பில் 12 முதல் 18 பேர். இதுவரை வந்தவர்கள் எல்லாம் தெரிந்தவர்கள், இல்லையென்றால் தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள். எங்கள் பகுதிச் சிறு வியாபாரிகள் சேர்ந்து நடத்தும் இரண்டு நாள் சந்தையில் போன வருடம் ஸ்டால் போட்டோம். 14 பேக்கேஜ்களை அச்சடித்து வைத்தோம். 400 நோட்டீஸ் கொடுத்தோம். ஒரு புக்கிங்கூட வரவில்லை. பக்கத்து ஸ்டாலில் துணிப்பை விற்றவர் இரண்டாம் நாள் மதியமே சரக்கு தீர்ந்து மூட்டை கட்டிவிட்டார். வயிறெரிந்தது. இந்த வருடமும் இடம் கிடைத்திருக்கிறது. பெரிய பேனர், குலுக்கல் பரிசு, அங்கேயே பதிவு செய்தால் தள்ளுபடி என்று யோசனை. செய்யலாமா, இல்லை இந்தச் செலவே வீணா? என் கணவர் கூச்ச சுபாவம். ஸ்டாலில் நின்று பேச ஒரு கல்லூரி மாணவியைச் சம்பளத்துக்கு வைக்கலாமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: வயிறெரிந்ததை மறைக்காமல் எழுதியதற்கு நன்றி. டூர் நடத்திய காலத்தில் நானும் பக்கத்து ஸ்டாலின் கல்லாவை ஓரக்கண்ணால் பார்த்தவன்தான். ஆனால் துணிப்பைக்காரரோடு உங்களை ஒப்பிடுவது சரியில்லை. பை வாங்குகிறவர் கையில் எடுக்கிறார், வாரை இழுத்துப் பார்க்கிறார், பிடித்தால் காசைக் கொடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு போகிறார். பிடிக்காமல் போனால் நஷ்டம் ஒரு பை. உங்களிடம் வருகிறவர் மூன்று மாதம் கழித்து நடக்கப்போகும் ஒன்றுக்கு இன்றே அட்வான்ஸ் கொடுக்க வேண்டும். லீவு கேட்க வேண்டும். வீட்டில் பேச வேண்டும். முன்பின் தெரியாத 15 பேரோடு ஒரே வண்டியில் உட்கார வேண்டும். ஒரு கையில் செடித்தொட்டியும் மறு கையில் அடம்பிடிக்கும் குழந்தையுமாகச் சந்தையில் நின்றுகொண்டு இதை யார் முடிவு செய்வார்கள்? நீங்களே செய்வீர்களா?

எனவே போன வருடம் தோற்றுவிட்டோம் என்று நினைக்காதீர்கள். கேள்வித்தாளை மாற்றி வைத்துக்கொண்டு மார்க் போட்டிருக்கிறீர்கள். சந்தையில் டூர் விற்காது. சந்தையில் நடக்க வேண்டியது, முகம் தெரியாத ஒருவருக்கு நீங்கள் முகம் தெரிந்தவராக ஆவது. விற்பனை அதற்குப் பிறகு, வேறு நாளில், பெரும்பாலும் போனில்தான் நடக்கும். ஸ்டாலில் நீங்கள் வைக்கும் ஒவ்வொரு பொருளையும் இந்த ஒரே வேலைக்கு உதவுகிறதா என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பொருள் தானாகவே வீட்டில் நின்றுவிடும்.

இந்தத் தொழில் பிறந்ததும் இப்படித்தான். 1841 ஜூலை 5 அன்று தாமஸ் குக் இங்கிலாந்தில் லெஸ்டரிலிருந்து லஃபரோவுக்குச் சுமார் 500 பேரை ரயிலில் கூட்டிக்கொண்டு போனார். நவீன டூர் தொழிலுக்குத் தொடக்கமாக அந்தப் பயணத்தைத்தான் காட்டுவார்கள். ஏறியவர்கள் வேடிக்கை பார்க்கக் கிளம்பியவர்கள் அல்லர், மதுவிலக்கு இயக்கத்தின் கூட்டத்துக்குப் போனவர்கள். குக்கும் அந்த இயக்கத்துக்காரர். நம்ம ஆள் ஏற்பாடு செய்த ரயில் என்று ஏறினார்கள். உங்கள் முதல் மூன்று வருட குரூப்புகளும் அதே மாதிரிதானே சேர்ந்திருக்கின்றன?

அந்தக் கதைக்கு இன்னொரு முனையும் உண்டு. குக்கின் பெயரில் 178 வருடம் ஓடிய நிறுவனம் 2019 செப்டம்பர் 23 அன்று மூடப்பட்டபோது, அதன் மூலம் போயிருந்த பிரிட்டன்காரர்கள் மட்டுமே சுமார் 1,50,000 பேர் வெளிநாடுகளில் இருந்தார்கள். அரசாங்கம் விமானங்களை ஏற்பாடு செய்து அவர்களைத் திருப்பி அழைத்துவந்தது. அவ்வளவு பெரிய பெயருக்கே அந்தக் கதி. மடக்கு மேஜைக்குப் பின்னால் நிற்கும் இரண்டு பேரிடம் அட்வான்ஸ் கொடுக்க ஒருவர் தயங்கினால் அது சந்தேகபுத்தி அல்ல, விவேகம். அந்தத் தயக்கத்துக்கு மேஜையிலேயே பதில் இருக்கட்டும். உங்கள் பதிவுச் சான்று, அட்வான்ஸ் எந்தக் கணக்குக்குப் போகிறது, பயணம் ரத்தானால் எத்தனை நாளில் எவ்வளவு திரும்பும், இவை மூன்றும் ஒரே தாளில், கண்ணாடி போடாமல் படிக்கிற எழுத்தில். யாரும் முழுசாகப் படிக்க மாட்டார்கள். படிக்கிற மாதிரி வைத்திருக்கிறார்களே என்பதைக் கவனிப்பார்கள்.

400 நோட்டீஸுக்கு வருகிறேன். ஒரு நாளைக்கு 7 மணி நேரம் சந்தை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவரோடு உருப்படியாகப் பேச 6 நிமிடம் ஆகும். மூச்சு விடாமல் பேசினாலும் மணிக்கு 10 பேர்தான். ஆனால் கூட்டம் அலை அலையாகத்தான் வரும், பாதி நேரம் சும்மா நிற்க வேண்டியிருக்கும். ஆக, ஓர் ஆளுக்கு ஒரு நாளில் 35 பேர், இரண்டு நாளில் 70, இருவரும் பேசினால் 140. இதுதான் உங்கள் உச்சவரம்பு. 400 பேர் கையில் தாள் திணித்தால், அதில் பாதிக்கு மேற்பட்டவர்களிடம் நீங்கள் பேசவே இல்லை என்று அர்த்தம். பேசிய 140 பேரில் அடுத்த ஒரு வருடத்துக்குள் எங்கேயாவது போகும் எண்ணத்தோடு 20 பேர் தேறினால் நல்ல சந்தை என்பேன். உங்கள் குரூப்பே 18 பேர்தானே!

அந்த 14 பேக்கேஜ்? ஷீனா ஐயங்கார், மார்க் லெப்பர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2000-ல் வெளியிட்ட ஓர் ஆய்வை விற்பனைத் துறையில் எல்லோரும் சொல்வார்கள். கடையில் ஒரு மேஜையில் ஒரு சமயம் 24 வகை ஜாம் வைத்தார்கள், ஒரு சமயம் 6 வகை. 24 வகை இருந்தபோது அந்தப் பக்கம் போனவர்களில் 60 சதவீதம் பேர் நின்றார்கள், 6 வகைக்கு 40 சதவீதம். ஆனால் நின்றவர்களில் வாங்கியவர்கள் 24 வகையில் 3 சதவீதம், 6 வகையில் 30 சதவீதம். இதை வேதவாக்காக எடுக்க வேண்டாம். பின்னால் வந்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் எல்லா இடத்திலும் இது பலிப்பதில்லை என்று சொல்லிவிட்டார்கள். என் ஆட்சேபம் வேறு. இரண்டு பேர் நடத்தும் நிறுவனம் 14 இடங்களைப் பரப்பி வைத்தால், ‘இதுக்கெல்லாம் இவங்க போயிருக்காங்களா, இல்ல யார்கிட்டயோ வாங்கி நம்ம தலையில கட்டறாங்களா?’ என்ற கேள்விதான் முதலில் வரும். நீங்களே மூன்று தடவைக்கு மேல் போய்வந்த இடங்கள் எத்தனை? அவை மட்டும் மேஜையில் இருக்கட்டும். இரண்டுதான் என்றால் இரண்டு. இரண்டுக்கும் தேதி போட்டிருக்க வேண்டும். தேதி இல்லாத டூர் வெறும் ஆசை.

அதோடு உங்களிடமும் துணிப்பை மாதிரி ஒன்று இருக்கட்டும். காலையில் கிளம்பி இரவு வீடு திரும்பும் ஒரு நாள் பயணம், சந்தை முடிந்து மூன்று நான்கு வாரத்துக்குள் வருகிற தேதியில். லாபம் அதிகம் வேண்டாம், கைக்காசு போகாமல் இருந்தால் போதும். பிடிக்காவிட்டால் வந்தவருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் நஷ்டம். வண்டி நேரத்துக்கு வந்ததா, சொன்ன இடத்தில் நிறுத்தினார்களா, கோபம் வந்தால் இவர்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்று எல்லாவற்றையும் அந்த ஒரு நாளில் பார்த்துவிடுவார். பத்து நாள் டூருக்கு ஆள் அங்கிருந்துதான் வருவார்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ஸ்டாலில் நின்று என்ன பேசுவது?

நான் போட்ட முதல் ஸ்டாலில், வருகிறவர்களிடமெல்லாம் மலையையும் கடலையும் வர்ணித்துத் தள்ளினேன். நல்லா பேசறார் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மூன்றாவது தடவை ஒரு வயதான அம்மா வந்து படங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அக்கம்பக்கம் திரும்பி, மெதுவாகக் கேட்டார்: “வழியில பாத்ரூம் எல்லாம் எப்படி தம்பி?” அந்தப் பாதை எனக்கு மனப்பாடம். எத்தனை மணி நேரத்துக்கு ஒரு தடவை நிறுத்துவோம், எந்த இடத்தில் சுத்தமாக இருக்கும், எந்த இடத்தில் உட்காரும் வகை இல்லை என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். கேட்டுக்கொண்டு போய்விட்டார். நான்கு மாதம் கழித்து 11 பேரோடு வந்தார். எல்லோரும் முழங்கால் வலிக்காரர்கள், எல்லோருக்கும் அதே கேள்வி.

இடத்தைப் பற்றிய தகவலுக்கு யாரும் உங்களைத் தேடி வர வேண்டியதில்லை, போனிலேயே படமும் வீடியோவும் கொட்டிக் கிடக்கின்றன. அங்கே கிடைக்காதது, தன் உடம்புக்கும் தன் குடும்பத்துக்கும் இது ஒத்துவருமா என்பதற்கான பதில். எத்தனை படி ஏற வேண்டும்? நடுவில் உட்கார இடம் உண்டா? தனியாக வந்தால் அறையை யாரோடு பகிர வேண்டும், தனி அறை கேட்டால் எவ்வளவு கூடும்? இன்சுலினைக் குளிர்ச்சியாக வைக்க வழி உண்டா? பெண்கள் மட்டும் நான்கு பேர் வந்தால் ராத்திரி எத்தனை மணிக்கு ஹோட்டல் போய்ச் சேருவோம்? குழந்தை வாந்தி எடுத்தால் வண்டி நிற்குமா? சந்தைக்குப் போகுமுன் ஓர் இரவு இருவரும் உட்கார்ந்து, மூன்று வருடத்தில் வந்தவர்கள் கேட்ட இப்படிப்பட்ட கேள்விகளை எல்லாம் எழுதுங்கள். குறைந்தது முப்பது வரும். பதில் தெரியாத கேள்விக்கு அந்த ஹோட்டலுக்கு இப்போதே போன் போட்டுக் கேட்டு வையுங்கள். நீங்கள் செய்யக்கூடிய மிகச் சிறந்த விளம்பரச் செலவு அந்த போன் பில்தான்.

ஆனால் கேள்வி தானாக வெளியே வராது, கூச்சப்படுவார்கள். ‘டூர் ஏதாவது பிளான் இருக்கா சார்?’ என்று கேட்டால் ‘இல்ல’ என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவார்கள். ‘கடைசியா எங்க போய்ட்டு வந்தீங்க?’ என்று கேளுங்கள். எவரும் நின்று பதில் சொல்வார்கள், அதிலும் அந்தப் பயணம் சொதப்பியிருந்தால் கட்டாயம் சொல்வார்கள். சொதப்பல் கதையைப் பொறுமையாகக் கேளுங்கள். அவர் எதற்குப் பயப்படுகிறார் என்பது அதில் இருக்கும். உங்கள் கதையை அப்போது ஆரம்பித்துவிடாதீர்கள், நான் பல வருடம் செய்த தவறு அது.

நோட்டீஸே வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும், ஆனால் உங்கள் புகழைப் பாடுகிற நோட்டீஸ் வேண்டாம். வீட்டில் எடுத்து வைத்துக்கொள்கிற மாதிரி அரைத் தாள் ஒன்று போடுங்கள். வெளிநாடு கூட்டிப்போகிறவர்கள் என்றால் பாஸ்போர்ட் விவரம் எழுதலாம்: பல நாடுகள் 6 மாதச் செல்லுபடி கேட்கின்றன. ஒரே விசாவில் போகக்கூடிய ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளில், அங்கிருந்து கிளம்பும் தேதிக்குப் பிறகு குறைந்தது 3 மாதம் செல்லுபடி இருக்க வேண்டும், பாஸ்போர்ட்டும் கடந்த 10 வருடத்துக்குள் வழங்கியதாக இருக்க வேண்டும். அந்த விசாவுக்கு விண்ணப்பிப்பது பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து 15 நாள் முன்புவரை. விமானத்தில் பவர் பேங்க் ஒப்படைக்கும் பெட்டிக்குள் போகக் கூடாது, கைப்பையில்தான் வர வேண்டும், பொதுவான வரம்பு 100 வாட் ஹவர். 20,000 எம்ஏஎச் என்று போட்டிருப்பது சுமார் 74 வாட் ஹவர்தான், பயப்பட வேண்டாம். இப்படி ஏழெட்டு வரி. விதிகள் மாறும் என்பதால் அச்சடித்த மாதத்தைக் கீழே போடுங்கள். உங்கள் பெயரும் எண்ணும் ஓரத்தில் சின்னதாக இருந்தால் போதும். இந்தத் தாள் அலமாரிக் கதவில் ஒட்டப்படும். பழைய நோட்டீஸ் சந்தை வாசலைத் தாண்டியிருக்காது.

நீங்கள் கேட்ட மற்றவை.

பேனர்: பெரிசு வேண்டாம். ‘உலகமே உங்கள் கையில்’ வகையறா வாசகமும் வேண்டாம். பத்தடி தள்ளி நடப்பவருக்கு நீங்கள் யார், எத்தனை பேர் போகும் டூர், அடுத்த தேதி என்ன என்று தெரிந்தால் போதும். வாங்கின படங்களைப் போடாதீர்கள். உங்கள் குரூப் வெயிலில் வியர்த்துச் சிரித்துக்கொண்டு நிற்கிற படத்தை அவர்கள் அனுமதி கேட்டுப் போடுங்கள். பார்க்கிறவருக்குத் தெரிந்த முகம் ஒன்று அதில் இருக்க வாய்ப்புண்டு, உள்ளூர்ச் சந்தையின் லாபமே அதுதான். கியூஆர் கோடு வைத்தால் ஸ்கேன் செய்யும் தூரத்தில் பத்தில் ஒரு பங்கு அகலமாவது இருக்கட்டும்: ஒரு மீட்டர் தள்ளி நிற்பவருக்கு 10 சென்டிமீட்டர். மேஜைக்குக் கீழே தொங்கவிட்டால் குனிந்து யாரும் ஸ்கேன் செய்ய மாட்டார்கள். கூட்டத்தில் நெட் படுத்துவிடும் என்பதால் நோட்டும் பேனாவும் கட்டாயம்.

இடம்: நுழைவாயிலை ஒட்டிக் கொடுத்தால் மாற்றிக் கேளுங்கள். உள்ளே வந்த வேகத்தில் யாரும் நிற்பதில்லை. மேஜைக்குப் பின்னால் நிற்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள்.

குலுக்கல்: வேண்டாம் அம்மா. நான் ஒருமுறை சுழலும் சக்கரம் ஒன்று வாடகைக்கு எடுத்து வைத்தேன். வரிசை நின்றது, பெயரும் எண்ணும் 300-க்கு மேல் சேர்ந்தன, ஊர் சிரித்தது. பிறகு ஒவ்வொரு எண்ணாகக் கூப்பிட்டபோது ‘எனக்குப் பரிசு விழுந்துச்சா?’ என்பதைத் தவிர யாரும் எதுவும் கேட்கவில்லை. ஒரு வாரம் வீணானது. தவிர, பரிசுக் குலுக்கலுக்குப் பல இடங்களில் தனி விதிகள் உண்டு. அந்தத் தலைவலி வேறு.

தள்ளுபடி: அதுவும் வேண்டாம். போன வாரம் முழுப் பணம் கட்டியவர் அந்தச் சந்தைக்கே வருவார் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். தள்ளுபடிக்காக அவசரப்பட்டுப் பதிவு செய்தவர்தான் முதலில் கேன்சல் செய்வார். அதற்குப் பதில், பணம் வாங்காமல் 7 நாள் சீட் பிடித்து வைப்பதாகச் சொல்லுங்கள். வீட்டில் பேச அவகாசம் கிடைக்கும், எட்டாம் நாள் நீங்கள் கூப்பிட ஒரு காரணமும் கிடைக்கும். இன்னொன்று: ஸ்டால் உற்சாகத்தில் ‘ஹோட்டலும் நாங்களே போட்டுத் தர்றோம், ஃபிளைட்டும் சேர்த்துக்கலாம்’ என்று வாய்க்கு வந்தபடி ஒப்புக்கொள்ளாதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 ஜூலையிலிருந்து, ஒரே பயணத்துக்குப் போக்குவரத்தும் தங்குமிடமும் சேர்த்து விற்றாலே அது பேக்கேஜ், அதன் மொத்தப் பொறுப்பும் விற்றவர் தலையில். உங்கள் நாட்டில் விதி எப்படி என்பதைச் சந்தைக்கு முன் ஒரு தடவை கேட்டுத் தெளிவாகிக்கொள்ளுங்கள்.

ஸ்டாலைவிட முக்கியம் அதற்கு அடுத்த வாரம். பேசி முடித்ததும் நோட்டில் ஐந்து விஷயம் எழுதுங்கள்: பெயர், எண், எப்போது போக நினைக்கிறார், யாரோடு, என்ன பயம். ஐந்தாவதுதான் தங்கம். செய்தி அனுப்பலாமா என்று கேட்டு, சரி என்றவருக்கு மட்டும் ஒரு டிக் போடுங்கள். தனிநபர் தகவல் சட்டம் பல நாடுகளில் இப்போது கடுமை என்பது ஒருபுறம், கேட்டுச் செய்வதே மரியாதை. அன்று இரவே, அசதியாக இருந்தாலும், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்புங்கள்: ‘இன்று சந்தையில் பேசினோம். அம்மாவுக்குப் படி ஏற முடியாது என்றீர்களே, அந்தக் கோவிலுக்குப் பின்பக்கம் வண்டி போகும் வழி இருக்கிறது, விசாரித்துவிட்டேன்.’ இந்த ஒரு செய்திக்கு முன் எந்த பேனரும் நிற்காது. எல்லோருக்கும் ஒரே செய்தியை ஃபார்வர்டு செய்தால் அதற்கும் நோட்டீஸுக்கும் வித்தியாசமில்லை. கேட்காமல் வாட்ஸ்அப் குரூப்பில் சேர்த்தீர்களோ, அந்த ஆள் உங்களுக்கு இனி இல்லை. 7 நாள் கழித்து ஒரு போன், ஒரு மாதம் கழித்து ஒரு செய்தி, அத்தோடு விட்டுவிடுங்கள். போக நினைப்பவர் உங்களைத் தேடுவார்.

கணக்கை ஆறு மாதம் கழித்துப் போடுங்கள். வாடகை, அச்சு, வண்டிச் செலவு, உங்கள் இருவரின் இரண்டு நாள் எல்லாம் சேர்த்து, அந்த நோட்டில் இருந்து வந்தவர்களின் எண்ணிக்கையால் வகுங்கள். அவர்கள் கூட்டிவந்தவர்களையும் எண்ணிக்கொள்ளுங்கள். ஒரு தலைக்கு உங்கள் கையில் நிற்கும் லாபத்தைவிட அது அதிகம் என்றால், அடுத்த வருடம் அந்தச் சந்தைக்குப் போகாதீர்கள், நான் சொன்னேன் என்பதற்காகப் பிடித்துத் தொங்க வேண்டாம்.

கடைசியாக, மாணவி. வேண்டாம். அந்தப் பெண் எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தாலும், ‘பாத்ரூம் எப்படி?’ என்று கேட்டால் திரும்பி உங்களைத்தான் பார்ப்பார். அவருக்குக் கொடுக்க வைத்திருந்த பணத்தில் உங்கள் முன்னாள் பயணிகளில் கலகலப்பான ஒருவரை இரண்டு மணி நேரம் வந்து உட்காரச் சொல்லி, வண்டி வைத்து அழைத்துவந்து, திரும்பக் கொண்டுபோய் விடுங்கள். அவர் பேசுவதை நீங்கள் பேச முடியாது.

உங்கள் கணவருக்குப் பேச வேண்டிய அவசியமே இல்லை. வழியெல்லாம் அவருக்குத்தான் தெரியும் என்று என் ஊகம், கூச்ச சுபாவக்காரர்கள் பெரும்பாலும் அப்படித்தான். மேஜை அகலத்துக்கு ஒரு வரைபடத்தை அச்சடித்து அவர் முன்னால் விரித்துவிடுங்கள். கையில் ஒரு சிவப்புப் பேனா. வண்டி நிற்கும் இடங்களை ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டு இருக்கட்டும். ஒருவர் வந்து வரைபடத்தில் விரல் வைத்து, ‘இங்கேயிருந்து இங்க எவ்வளவு நேரம்?’ என்பார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல அவர் கூச்சப்பட மாட்டார்.